பேகம் ருக்கையா: பள்ளிக்கூடத்துக்கு வழி போட்டவர்



மலர்க் குழு நண்பர் போனில் கூப்பிட்டு, மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்றார். மெக்கானிக்கல் படித்தவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று நழுவப் பார்த்தேன். ஆள் விடுவதாக இல்லை. சரி, எழுதினால் இவரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் தமிழர் இல்லை, வங்காளத்துக்காரர். ஆனாலும் வானூரில் படித்த நமக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

அவர் பெயர் ருக்கையா. வங்காளிகள் ரொக்கேயா என்பார்கள். எங்கள் கோட்டக்குப்பத்தில் தெருவுக்கு ஒரு ருக்கையா இருப்பார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகளார் ஒருவரின் பெயர் அது. நான் சொல்ல வந்தவர் பேகம் ருக்கையா சகாவத் ஹுசைன். 1880 டிசம்பர் 9-ல் பிறந்தார். 1932-ல் அதே டிசம்பர் 9-ல் மறைந்தார். இடைப்பட்ட 52 ஆண்டுகளில், பள்ளிக்கூட வாசலையே மிதித்தறியாத அந்த அம்மையார், கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கென்று ஒரு பள்ளியை நிறுத்திக் காட்டினார். அந்தப் பள்ளி இன்றைக்கும் நடக்கிறது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில்

இன்றைய வங்காள தேசத்தில் ரங்பூர் பக்கம் பைராபந்த் என்று ஒரு கிராமம். ருக்கையாவின் தந்தை அங்கே பெரிய ஜமீன்தார். பல மொழி தெரிந்தவர். மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பி, சேவியர் கல்லூரியில் ஆங்கிலம் படிக்க வைத்தார். மகள்களுக்கு குர்ஆன் ஓதத் தெரிந்தால் போதும், கொஞ்சம் உருது தெரிந்தால் போதும் என்று நிறுத்திவிட்டார். சொந்தத் தாய்மொழியான வங்காளத்தைக்கூடப் பெண்பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

கோஷா என்றால் நமக்குத் தெரிந்த கோஷா இல்லை. ஐந்து வயதுக் குழந்தை அந்நியப் பெண்கள் கண்ணிலும் படக்கூடாதாம். சிறுமியாக இருந்தபோது வீட்டுக்கு வெளியூரிலிருந்து வேலைக்காரப் பெண்கள் இருவர் வந்துவிட, அவர்கள் கண்ணில் படாமல் மாடி அறையில் ஒளிந்து, சரியான சாப்பாடுகூட இல்லாமல் நாலு நாள் கழித்த கதையை அம்மையாரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த வீட்டில் இரண்டு பேர் அவருக்குத் துணை. ஒருவர் அண்ணன் இப்ராஹிம். இரவு தந்தை தூங்கிய பிறகு, மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு தங்கைக்கு ஆங்கில எழுத்தைச் சொல்லிக் கொடுப்பார். மற்றவர் அக்கா கரீமுன்னிசா. அவரும் ஒளிந்து ஒளிந்து வங்காளம் படித்தவர்தான். விஷயம் வெளியே தெரிந்ததும் படிப்பு நின்றது, சிறு வயதிலேயே கல்யாணமும் முடிந்தது. ஆனால் தங்கைக்கு வங்காளம் வந்தது அந்த அக்காவால். பிற்காலத்தில் ஒரு புத்தகத்தை அக்காவுக்கும், ஒரு நாவலை அண்ணனுக்கும் அம்மையார் காணிக்கையாக்கினார். வீட்டுக்குள் ஒருவர் விளக்குப் பிடித்தால் போதும், ஒரு பெண் படித்துவிடுவாள். நம் ஊரில் எத்தனை அண்ணன்கள் அந்த விளக்கைப் பிடித்திருக்கிறோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

சென்னையில் அச்சேறிய கனவு

1898-ல் ருக்கையாவுக்குத் திருமணம். மாப்பிள்ளை சையத் சகாவத் ஹுசைன், பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்ட்ரேட். மனைவியை இழந்தவர், வயதிலும் ரொம்ப மூத்தவர். கேட்கும்போது மனசுக்கு ஒப்பவில்லைதான். ஆனால் அந்த மனிதர் மனைவியைப் படிக்க விட்டார், எழுதச் சொன்னார். வங்காளத்தில் கட்டுரைகள் வர ஆரம்பித்தன.

கணவர் வேலையாக வெளியூர் போயிருந்த இரண்டு நாளில், பொழுது போவதற்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார் அம்மையார். அதுதான் 'சுல்தானாவின் கனவு'. அது அச்சானது எங்கே தெரியுமா? நம் சென்னையில்! கமலா சத்தியநாதன் என்ற அம்மையார் 1901-ல் தொடங்கி நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற பத்திரிகையில் 1905-ல் வந்தது. 1908-ல் தனிப் புத்தகம் ஆனது. நான் சொன்ன சம்பந்தத்தில் இது ஒன்று.

கதை இதுதான். ஒரு நாட்டில் எல்லாம் தலைகீழ். ஆண்கள் வீட்டுக்குள்ளே, பெண்கள் வெளியே. அரசி எல்லாப் பெண்ணும் படிக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறாள். 21 வயதுக்கு முன் கல்யாணம் கிடையாது. பெண்களுக்கென்று இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்றில், பலூனில் குழாய் பொருத்தி மேகத்திலிருந்தே தண்ணீர் எடுக்கிறார்கள். இன்னொன்றில், சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் கருவி. அடுப்படியில் புகை இல்லை, கரி இல்லை, வெயிலிலேயே சமையல். எதிரி படை எடுத்து வந்தபோது, பிரின்சிபால் அம்மாள் 2,000 மாணவிகளோடு போய், சூரிய ஒளியை ஒருமுகப்படுத்தி எதிரி மேல் திருப்பி விரட்டிவிடுகிறார்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் ஆண்டில் நம் பேட்ச் ஆரோவில் சோலார் கிச்சனைப் பார்க்கப் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் வெயிலை ஒரே இடத்தில் குவிக்கும். அந்தச் சூட்டில் நீராவி. அந்த நீராவியில் சமையல். வானூர் வட்டத்தில் 1990-களில் கட்டிய அந்தக் கிண்ணத்தின் சங்கதியை, பள்ளிக்கூடமே போகாத ஒரு பெண் 1905-ல் கதையாக எழுதி வைத்திருக்கிறார். நம் மரக்காணம் உப்பளத்தில் நாள் முழுக்க வெயில்தானே வேலை செய்கிறது? பாத்தியில் நிற்கும் தண்ணீரை அது உப்பாக்குகிறது. அந்த உப்பை வாரித் தலையில் சுமக்கிற பெண்களில் எத்தனை பேருக்கு அந்த வெயிலின் கணக்கைப் படிக்க வாய்ப்புக் கிடைத்தது?

அந்தக் கதையில் ஆகாயத்தில் பறக்கும் வண்டியும் வரும். எழுதி 25 ஆண்டு கழித்து, 1930-ல், அம்மையார் உண்மையிலேயே விமானத்தில் ஏறி 50 மைல் பறந்தார். அதைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார்.

ஐந்து பிள்ளைகள், எட்டுப் பிள்ளைகள்

பெற்ற இரண்டு பெண் குழந்தைகளும் சிசுவிலேயே இறந்தன. 1909 மே மாதம் கணவரும் போய்ச் சேர்ந்தார். பெண்கள் பள்ளிக்கென்று அவர் 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். அம்மையாருக்கு வயது 28. இத்தா முடிந்த கையோடு, அக்டோபர் 1-ல், பாகல்பூரில் கணவர் பெயரிலேயே பள்ளியைத் தொடங்கினார். மாணவிகள் ஐந்து பேர்.

சொத்து விஷயத்தில் கணவரின் முதல் தாரத்து மகள் வீட்டாரோடு மனத்தாங்கல் வந்தது. பாகல்பூரில் இருக்க முடியவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கல்கத்தா வந்து, 1911 மார்ச் 16-ல், வலியுல்லா சந்து 13-ஆம் எண் வீட்டில் மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை எட்டுப் பேர். 1915-ல் அது 84 ஆனது.

பள்ளி நடத்துவது எப்படி என்று அவருக்கே தெரியாது. வகுப்பு என்றால் என்ன, மணி எப்போது அடிப்பார்கள் என்பதைக் கற்றுக்கொள்ள, பிரம்ம சமாஜத்தாரும் கிறிஸ்தவர்களும் நடத்திய பள்ளிகளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். உருது தெரிந்த ஆசிரியைகள் கல்கத்தாவில் கிடைக்கவில்லை. கயா, ஆக்ரா, அப்புறம் நம் சென்னை, இங்கிருந்தெல்லாம் வரவழைத்தார். எவ்வளவு நாளைக்கு இப்படி இரவல் வாங்குவது என்று அரசாங்கத்தை நச்சரித்து, 1919-ல் முஸ்லிம் ஆசிரியைகளுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியும் கல்கத்தாவில் வரச் செய்தார்.

பாடத்திட்டத்தைப் பாருங்கள். குர்ஆன் உண்டு, வெறும் ஓதல் மட்டும் இல்லை, பொருளோடு. வங்காளம், ஆங்கிலம், உருது, பாரசீகம், நோயாளிப் பராமரிப்பு, முதலுதவி, சமையல், தையல், உடற்பயிற்சி எல்லாம் உண்டு. பெண்பிள்ளைக்கு உடற்பயிற்சி எதற்கு என்று அன்று கேட்டவர்கள் ஏராளம். இன்றும் கேட்கிறார்கள்.

மார்க்கம் தடுத்ததா?

எதிர்ப்பு மார்க்கத்தின் பெயரால் வந்தது. அம்மையார் பதில் சொன்னதும் மார்க்கத்தை வைத்துத்தான். ஆரம்ப காலக் கட்டுரை ஒன்றில் வேதங்களைப் பற்றிக் காரமாக எழுதிய சில பத்திகள் உண்டு, கண்டனம் கிளம்பியது, புத்தகமாக வந்தபோது அவை நீக்கப்பட்டன. அதற்குப் பிறகு அவர் பிடித்த வழி வேறு. நாயகத்துக்கு முதன்முதலாக இறங்கிய கட்டளையே ஓதுக என்பது. கல்வி தேடுவதைக் கடமை என்று நாயகம் சொன்னபோது பெண்களை விலக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த ஹதீஸ்கள் 2,000-க்கு மேல்; பெரிய பெரிய ஸஹாபாக்கள் சந்தேகம் கேட்டு அவர் வாசலுக்கு வந்தார்கள். இவையெல்லாம் நமக்கும் தெரிந்தவைதான். வெள்ளிக்கிழமை பயானில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மறந்துவிடுகிறோம்.

அம்மையாரின் கேள்வி ஒன்று என்னை ரொம்ப நாள் தூங்க விடவில்லை. சொத்தில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு என்று மார்க்கம் வைத்திருக்கிறது. சரி. மகனுக்கு நாலு வாத்தியார் வைக்கிற தகப்பன் மகளுக்கு இரண்டு வாத்தியாராவது வைத்தானா? அந்தப் பாதியையும் கொடுக்காமல் விட்டவன் எந்த மார்க்கத்தைப் பின்பற்றுகிறான்? இப்படித்தான் அவர் வாதம் போகும். இன்னொன்று: வண்டிக்கு ஒரு சக்கரம் பெரிசாகவும் ஒரு சக்கரம் சின்னதாகவும் இருந்தால் வண்டி முன்னே போகாது, நின்ற இடத்திலேயே சுற்றும் என்பார். மெக்கானிக்கல்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அவர் கடைசி வரை புர்கா அணிந்தவர். பர்தா வேறு, பெண்ணை அறையில் போட்டு அடைப்பது வேறு என்பது அவர் கட்சி. அடைப்பினால் வந்த கொடுமைகளைத் தொகுத்து 1931-ல் ஒரு புத்தகம் போட்டார். அதில் ஒரு சம்பவம். ரயில் மாறும்போது ஒரு பெண் புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்துவிடுகிறாள். தூக்கப் போன ஆட்களை, அந்நிய ஆண்கள் தொடக்கூடாது என்று கூட வந்த வேலைக்காரி தடுத்துவிட்டாள். அரைமணி நேரம் காத்திருந்த ரயில் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் இறந்துபோனாள். அவள் அம்மையாரின் கணவருக்குத் தூரத்து உறவு. இதை எந்த மார்க்கம் சொன்னது?

அந்த பஸ்

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். பள்ளி இருக்கிறது, ஆசிரியை இருக்கிறார், பாடம் இருக்கிறது. பிள்ளை வீட்டிலிருந்து எப்படி வரும்? முதலில் குதிரை வண்டி வைத்தார்கள். பிறகு மோட்டார் பஸ் வந்தது. யார் கண்ணிலும் பிள்ளைகள் படக்கூடாது என்று நாலு பக்கமும் பெட்டி போல அடைத்துக் கட்டிவிட்டார்கள். முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் வலை, அவ்வளவுதான் காற்று. உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடும் என்று நாம் படித்திருக்கிறோம். கல்கத்தா புழுக்கத்தில், அடைத்த பெட்டியில், ஒரு வண்டி நிறையப் பிள்ளைகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாளே பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள்.

பெற்றோர் கொதித்தார்கள். உடனே பலகையை எடுத்துவிட்டுத் துணித் திரை போட்டார் அம்மையார். வண்டி ஓடினால் காற்று அடிக்கும், காற்று அடித்தால் திரை பறக்கும். உடனே வேறு பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்தன: திரை பறக்கிறது, பிள்ளைகள் தெரிகிறார்கள், பர்தா போச்சு, பத்திரிகையில் எழுதுவோம் என்று மிரட்டல். மூடினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம். தன் புத்தகத்தின் கடைசிப் பகுதியாக அவர் வைத்தது இந்த பஸ் கதையைத்தான்.

பள்ளியை மூடிவிட்டுப் போயிருக்கலாம். அல்லது, பர்தா விவாதம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கலாம். அம்மையார் இரண்டையும் செய்யவில்லை. திரை வேண்டுமா, திரை போடுகிறேன். பிள்ளையை அனுப்புங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். 1916-ல் முஸ்லிம் பெண்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து, சேரிகளுக்குப் போய் எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆள் அனுப்பினார். விவாதத்தில் ஜெயிப்பதைவிட, நாளைக் காலை அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார வேண்டும் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

இதில் என் சொந்தக் கதையும் ஒன்று. எனக்கு ஒரு அக்கா. கணக்கில் என்னைவிடக் கெட்டி. நான் பிளஸ் டூவில் வாங்கிய மார்க்குக்கு அவள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததுதான் காரணம். அவள் பிளஸ் டூ முடித்தபோது, காலேஜ் வேண்டாம் என்று வீட்டில் முடிவாயிற்று. அத்தா மார்க்கத்தைக் காரணம் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிடும், யார் போய்க் கூட்டி வருவது? இதுதான் அன்று பேசப்பட்ட பேச்சு. கேட்டவர்களிடம் மட்டும், நம்மவர்களில் பொண்ணுங்களை அனுப்புறதில்லை என்று சொன்னார்கள். மூன்று வருஷம் கழித்து நான் சேர்ந்தபோது அதே இருட்டில்தான் வீட்டுக்கு வந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சைக்கிள் இருந்தது என்னிடம்.

கடைசி இரவு

1926-ல் வங்காளப் பெண்கள் கல்வி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. உடம்புதான் தேய்ந்துகொண்டே வந்தது. 1932 டிசம்பர் 8 இரவு வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். விடிகாலையில் உயிர் பிரிந்தது. மேஜை மேல் பெண்களின் உரிமை பற்றிய கட்டுரை பாதியில் நின்றது. சோதேபூரில் அடக்கம் செய்தார்கள். அடக்கமான இடம் இன்று பானிஹாட்டியில் ஒரு பெண்கள் பள்ளியின் வளாகத்துக்குள் இருக்கிறது. வங்காள தேசம் டிசம்பர் 9-ஐ ரொக்கேயா தினமாகக் கொண்டாடுகிறது.

நம் தமிழ் முஸ்லிம்களிடமும் இந்த விளக்கைப் பிடித்தவர்கள் உண்டு. இலங்கைக் கண்டியில் அறிஞர் சித்திலெப்பை 1890-களிலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு நின்றவர். 1938-ல் 'காதலா கடமையா' என்று நாவல் வெளியிட்டு உ.வே.சா.வின் பாராட்டையும் பெற்றார். நீதிபதி பஷீர் அகமது சயீது முன்னின்று 1955-ல் சென்னையில் தொடங்கிய எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியில் எல்லாச் சமூகத்துப் பெண்களும் படித்து வெளியே வந்திருக்கிறார்கள்.

நமக்கு ஒரு வேலை

அக்காவின் மகள் இப்போது நம் கல்லூரியில் முதலாண்டு. முதல் நாள் காலை கல்லூரி பஸ் வந்து அவள் ஏறியபோது நானும் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் திரும்பி மறையும் வரை அக்கா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆகவே ருக்கையா அம்மையாரை நினைவு கூர்வது என்றால் கூட்டம் போட்டுக் கைதட்டுவது மட்டும் போதாது. பழைய மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். ஈஸிஆர் ஓரம் கோட்டக்குப்பம் தொடங்கி மரக்காணம் வரை, இடம் கிடைத்தும் வந்து சேராத பெண்பிள்ளைகள் எந்தச் சாதி, எந்தச் சமயமானாலும் யார் யார் என்று ஆண்டுதோறும் கேட்டறிவோம். பஸ் கட்டணம் தடையென்றால் நாம் கட்டுவோம். கடைசி ஸ்டாப்பிலிருந்து வீடு வரையிலான இருட்டு தடையென்றால், அதற்கும் ஒரு வழி பார்ப்போம்; நாம் இன்ஜினியர்கள்தானே! முதல் ஆண்டுத் தொகையாக என் பங்கைச் சங்கப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். மற்றவர்களும் மனம் வையுங்கள்.

தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் படிக்கிற வயதில் ஒரு அக்காவோ தங்கையோ இருந்தால், போய்க் கூட்டி வருகிறேன் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் 20 வருஷம் தாமதமாக இதை எழுதுகிறேன்.

வாழ்க நம் கல்லூரி. வஸ்ஸலாம்.

(கட்டுரையாளர் இயந்திரவியல் துறையின் பழைய மாணவர்)